முதலாம் மேசைக்கு ஒரு கதிரை

மெல்பேர்ணில், கேரம் டவுன்ஸ் கோயில் மண்டபத்தில், அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்று சோறு வாங்கியவர், இந்த நாட்டில் நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று கேட்டார். கையில் தட்டோடு நிற்பவர் மரியாதைக்குக் கேட்ட கேள்வி. நான் கால் மணித்தியாலம் பதில் சொன்னேன். சாவகச்சேரியில் வீடு வீடாகச் சவர்க்காரம் விற்றேன் என்றேன். ஊர் ஊராக அலைந்து கடைகளில் தனியாகச் சாப்பிட்டேன் என்றேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் பட்ட அவமானம்தான் என்னை ஆளாக்கியது என்றேன். கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய சோறும் ஆறிவிட்டது.

நான் வாழ்க்கையில் சவர்க்காரம் விற்றதில்லை. சாவகச்சேரியில் அப்பா தபால் கந்தோரில் இருந்தார். நான் வீட்டில் இருந்து சாப்பிட்டேன். சொன்ன கதை, நான் வேலை செய்த பான்கேக் உணவகங்களைத் தொடங்கிய அமெரிக்கருடையது. அவர் விற்ற தூரிகையைச் சவர்க்காரம் ஆக்கினேன், அவருடைய கோதுமைச் சமவெளியைச் சாவகச்சேரி ஆக்கினேன், அவ்வளவுதான். பொய் சொல்கிறேன் என்பதே பாதிவழியில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே நிறுத்தினால் நன்றாக இராது என்று முடித்து வைத்தேன்.

எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, காரில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"அது உங்கட அமெரிக்கன்ர கதையெல்லே?"

"கொஞ்சம் கலந்திட்டுது."

"கலக்கேல்லை. அதுக்குள்ள உங்களைக் காணவே இல்லை."

இப்போது அவள் இல்லை, மூன்று வருடமாகிறது. உத்தியோகமும் இல்லை. அதனால் என்னைக் கண்டுபிடிக்க நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. போன மாதம் பர்ஸானா போனில் கூப்பிட்டாள். கல்முனைப் பிள்ளை, என்னிடம் பரிமாறுபவளாகச் சேர்ந்து, இன்று புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறாள்.

"அங்கிள், இப்ப வாசல்ல மெஷின் வெச்சிருக்கு. எத்தன பேர் எண்டு அதுதான் கேக்கும். ஒண்டு எண்டு அமத்தினா கவுண்டர் ஸ்டூலக் காட்டுது. முதலாம் மேசையப் பத்தி இந்தப் புள்ளயளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒருக்கா எழுதித் தாங்களேன்."

"வாசிப்பினமே?"

"வாசிக்கமாட்டாங்க. ஆனா ஃபைல்ல இரிக்கும்."

என் எழுத்துக்கு இதைவிட நேர்மையான அழைப்பு வந்ததில்லை. எழுதுகிறேன். இதில் வரும் வெள்ளைக்காரர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் காதில் அவர்களும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள்.

அமெரிக்கரை எல்லோரும் மிஸ்டர் ஏர்ல் என்றே அழைத்தோம். இளவயதில் தூரிகைப் பெட்டியோடு ஊர் ஊராகப் போனவர். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. தனியாக வருகிறவனை எந்தக் கடையும் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருத்தும். நல்ல மேசையை ஒற்றை ஆளுக்குக் கொடுத்து வீணாக்குவானேன். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு மழைநாள் மத்தியானம், பெயர் மறந்துபோன ஒரு ஊரில், பரிமாற வந்த பெண் "தனியாத்தான் வந்தனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றார். அவள் எதிரில் இருந்த தட்டை எடுத்தாள். பிறகு முள்ளுக்கரண்டியை, கத்தியை, கிளாசை. கடைசியில் நடுவில் இருந்த பூச்சாடியையும் எடுத்துக்கொண்டு போய், பக்கத்து மேசையில் இருந்த கணவன் மனைவிக்கு முன்னால் வைத்தாள். செத்தவீட்டில் சாமான் கழிப்பதுபோல இருந்தது என்பது என்னுடைய உவமை. அவர் "குளிர்ந்துபோனேன்" என்று மட்டும் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார்.

அதன்பிறகு தூரிகைப் பெட்டியைக் கைவிட்டு, ஒரு பஸ் நிலையத்துக்கு அருகில் எட்டு மேசைகளோடு கடை போட்டார். முதலாம் இலக்க மேசை தெரு யன்னலோரம். அதற்கு ஒரே ஒரு கதிரை. ட்ரைவர்களும் விற்பனைக்காரர்களும் மனைவியை இழந்தவர்களும் தேடி வந்தார்கள். கடை பெருகியது, கடல் தாண்டியது, மெல்பேர்ணுக்கும் வந்தது. எந்தக் கிளையிலும் முதலாம் மேசை யன்னலோரம்தான்.

நான் அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, தட்டைக்கல்லுக்கு முன்னால் மூன்று வருடம் நின்றேன். கல்லில் நீரைத் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். மாவின் மேலே குமிழி வெடித்து, துளை மூடாமல் நின்றால் திருப்பலாம். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். தோசை சுடத் தெரிந்தவனுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை என்று வீட்டில் சொன்னேன். தோசையும் சுடத் தெரியாதவன் அப்படிச் சொல்லக் கூடாது என்று பதில் வந்தது.

உதவி மனேஜர் ஆனதும் கையில் மிஸ்டர் ஏர்லின் சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். நிறுவனத்துக்குள் மட்டும் சுற்றுகிற புத்தகம். அதில் முதலாம் மேசைக்கென்று நாலு பக்கம். நான் அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினேன்.

தனியாக வருபவரிடம் "ஒருவரா?" என்று கேட்கக் கூடாது. "யன்னல் பக்கம் இருப்பமா?" என்று கேட்க வேண்டும். மேசையில் தொடக்கத்திலிருந்தே ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கிளாஸ். அவர் கண்முன்னால் எதையும் எடுக்கிற வேலை வரக் கூடாது. எதிரில் கதிரை போடக் கூடாது; வெறும் கதிரை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். தேநீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்காமல் கேத்தலோடு வைக்க வேண்டும். தனியாக இருப்பவருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். பூ கட்டாயம். அவரோடு இன்னொருவரை இருத்தவே கூடாது. கழிப்பறைப் பக்க மேசைக்கு, கடையில் வேறு இடமே இல்லாவிட்டாலும், ஒற்றை ஆளைக் கொண்டுபோகக் கூடாது.

மிஸ்டர் ஏர்ல் கடை பார்க்க வரும் முறையும் தனி. சொல்லாமல் வருவார். "உங்களிட்ட இருக்கிறதில மோசமான மேசை எது?" என்று கேட்பார். நகரத்துக் கிளையில் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. ஆள் யாரென்று தெரியாது. தொப்பியைக் கையில் பிடித்த ஒரு நெட்டை மனிதர். கழிப்பறைக் கதவைக் காட்டி, "அது. ஆனா அங்க உங்களை விடமாட்டன்," என்றேன். யன்னலடியில் இருந்தார். பெருவிரலை மேசை விளிம்பின் அடியில் ஓட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை. கேத்தல் மூடியைத் திறந்து பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது, "ஏன் விடமாட்டன் எண்டனீர்?" என்றார்.

"அங்க இருந்து சாப்பிட்டா ஆரும் திரும்பி வரமாட்டினம், சேர்."

"நான் வந்தனான்," என்றார். "வேற கடை இல்லாதபடியால்."

இரண்டு மாதத்தில் நான் நகரத்துக்கு வெளியே, வெரிபீ என்ற இடத்தில் புதிதாகத் திறந்த கிளைக்கு மனேஜர்.

அங்கேதான் லெஸ் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பெட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கே சம்பளம் வாங்கிய மனிதருக்கு எங்கள் மேசை அளவெடுத்துத் தைத்ததுபோல என்று நான் முடிவு செய்தேன். தினமும் பத்தேகாலுக்கு வருவார். "யன்னல் பக்கம் இருப்பமா?" என்பேன். "ம்" என்பார். இரண்டு பான்கேக், மேலே ஊற்ற இனிப்புப் பாணி தாராளமாக, ஒரு கேத்தல் தேநீர். பன்னிரண்டரைக்கு எழும்புவார். பேச்சு இல்லை. மேல்கோட்டைக் கழற்றுவதில்லை, கழுத்துச் சால்வையையும் அவிழ்ப்பதில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி நான் ஒரு கருத்து வைத்திருந்தேன். எந்த நேரமும் எழும்பிப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாழ்ந்தவர்கள்தான் உள்ளே வந்தும் கோட்டைக் கழற்றாமல் இருப்பார்கள் என்பது அது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, லெஸ்ஸைக் காட்டி, இந்தப் பாடத்தைத் தணிந்த குரலில் சொல்லிக் கொடுப்பேன். பர்ஸானா மட்டும் ஒருநாள், "அங்கிள், கேட்டுப் பாக்கலாமே," என்றாள். இவையெல்லாம் கேட்கிற விஷயமா என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

பதினொரு வருடம் இப்படிப் போனது. பிறகு மிஸ்டர் ஏர்லுக்கு வயதாகி, நிறுவனத்தை முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். எங்கள் மாநிலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கிரெக். நல்ல மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே செய்வார். ஒருநாள் வரைபடத்தோடு வந்தார். முதலாம் மேசை இருந்த இடத்தில் ஆறு பேர் இருக்கும் குடும்ப ஆசனம் கீறியிருந்தது. எல்லாக் கிளையிலும் அப்படியேதான்.

"அது மிஸ்டர் ஏர்லின்ர மேசை," என்றேன்.

"கிழவர் அடுத்த மாதம் வாறார், கடைசிப் பயணமா. உம்மட கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு வாறன். மேசை இருக்கட்டும் எண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னா, நான் வரைபடத்தைக் கிழிக்கிறன். புது ஆக்களும் அவருக்கு அந்த மரியாதை குடுப்பினம். சொல்லாட்டி, பெயிண்ட் அடிக்க வருவினம்."

இதைவிடத் தெளிவாக ஒரு காரியத்தை யாரும் என் கையில் தந்ததில்லை. அவரை அந்த மேசையில் இருத்த வேண்டும். மற்றதை மேசையே பார்த்துக்கொள்ளும். பூச்சாடிக்கு மஞ்சள் பூ வாங்கினேன். யன்னல் கண்ணாடியை நானே துடைத்தேன். லெஸ்ஸுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பத்தேகாலுக்கு வருவார், அதற்குள் விருந்தாளி கிளம்பிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

குளிர்காலச் செவ்வாய்க்கிழமை. ஒன்பதரைக்கு வரவேண்டியவர்கள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார்கள். கோட் சூட்டுப் போட்டவர்கள், நகரசபைக்காரர்கள், படம் எடுக்க ஒரு பெண். கடை நிரம்பிவிட்டது. மிஸ்டர் ஏர்ல் கைத்தடியோடு நேரே கழிப்பறைக் கதவடிக்குப் போனார். அங்கே சுவரில் பொருத்தியிருந்த ஹீற்றருக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "பழைய காயத்தை நினைக்கிறார்," என்று கிரெக்கின் காதில் சொன்னேன். கிரெக் தலையாட்டினார்.

பிறகு முதலாம் மேசைக்கு வந்தார். இருந்தார். விளிம்பின் அடியில் பெருவிரலை ஓட்டினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் அங்கால போங்கோ," என்றார். போனார்கள். நான் பான்கேக்கை வைத்தேன். அதை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தெருவைப் பார்த்தபடி சாப்பிட்டார். பணக்காரனான நாளிலிருந்து யாரும் அவரைத் தனியாகச் சாப்பிட விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவரும் கோட்டைக் கழற்றவில்லை.

சொல் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவதற்குக் கையை உயர்த்தும் அளவுக்கு வந்துவிட்டார். அப்போது கதவு திறந்தது. பத்தேகால்.

லெஸ் வாசலில் நின்றார். தன் மேசையைப் பார்த்தார். அதில் தன்னைப் போலவே கோட்டுப் போட்ட ஒரு கிழவரைப் பார்த்தார். முழுக் கடையிலும் ஒரே ஒரு மேசைதான் காலி. கழிப்பறைப் பக்கத்து மேசை. லெஸ் அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு அடிகூட எடுத்து வைத்தார். நான் ஓடிப்போய் அவர் வழியை மறித்தேன். என் கடையில், மிஸ்டர் ஏர்லின் கண்முன்னால், லெஸ் அங்கே இருக்கக் கூடாது. "வேண்டாம் லெஸ்," என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ."

பொறுக்கச் சொன்னால், எவ்வளவு நேரம். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஒருவர் நிற்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு முழுதாகத் தெரியும். ஆனால் கால்கள் புத்தகம் படித்ததில்லை. எங்கள் வீடுகளில் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் படியேறினால் செய்கிற காரியம் ஒன்றுதான். கால்கள் குசினிக்குப் போயின. கைகள் வெங்காயம் உரிப்பவர்கள் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கின. முதலாம் மேசைக்கு எதிரில் அதை வைத்து, லெஸ்ஸின் தோளைப் பிடித்து இருத்தினேன். தட்டும் வைத்தேன். "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ," என்று இருவரையும் பார்த்துச் சொன்னேன் என்று பர்ஸானா பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

மிஸ்டர் ஏர்ல் லெஸ்ஸைப் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்தார். அரை உயரத்தில் நின்ற கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கேத்தல் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒருவர் கேத்தலை மற்றவர் பக்கம் தள்ளினார். மற்றவர் அதைத் திருப்பித் தள்ளினார். சில நிமிடம் கழித்து லெஸ் யன்னலைப் பார்த்து, "குளிர்," என்றார். "ஓம்," என்றார் மிஸ்டர் ஏர்ல். அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்கும் பெண் ஒரு படம் பிடித்தாள்.

வாசலில் விடைபெறும்போது மிஸ்டர் ஏர்ல் என் கையைப் பிடித்தார். "என்ர புத்தகத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறீராம்."

"ஓம், சேர்."

"ம்," என்றார். காரில் ஏறினார்.

அடுத்த நாள் கிரெக்கிடம் கேட்டேன். "மேசையைப் பற்றி என்ன சொன்னவர்?"

"மேசையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. கதிரையை ஆர் கொண்டு வந்து போட்டது எண்டு கேட்டவர். நீர் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"கார் யன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டு வந்தவர்."

வரைபடம் கிழியவில்லை. மாறாக ஒரு சுவரொட்டி வந்தது: இரண்டு கிழவர்கள், ஒரு கேத்தல், கீழே "இங்கே யாரும் தனியாக இல்லை." எல்லாக் கிளைக்கும் அனுப்பினார்கள். எங்கள் கடையில் அதை ஒட்டியது, முதலாம் மேசை இருந்த இடத்துச் சுவரில். கீழே ஆறு பேர் ஆசனம். அந்தச் செவ்வாய்க்கு அடுத்த நாளிலிருந்தே லெஸ் வரவில்லை. பத்தேகாலுக்கு நான் வாசலைப் பார்ப்பேன். இரண்டு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். அவருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. பதினொரு வருடத்தில் கேட்டதில்லை. தனியாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று புத்தகம் சொல்லியிருந்தது.

அடுத்த வருடம் மிஸ்டர் ஏர்ல் போய்ச் சேர்ந்தார். மின்னஞ்சலில் செய்தி வந்தது. இரங்கலுக்கு அவர்கள் போட்டிருந்தது அந்தச் சுவரொட்டிப் படம்தான். லெஸ்ஸை மட்டும் வெட்டியெடுத்திருந்தார்கள். கதிரையின் பிளாஸ்டிக் கை ஒன்று ஓரத்தில் மிஞ்சியிருந்தது.

அதன்பிறகும் சில வருடம் வேலை செய்தேன். மனைவி நோயில் கிடந்த காலத்தில் கேட்டு விலகினேன். அவள் போன பிறகு முதல் சில நாள் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டிவந்தது. மூன்றாம் நாள் புத்தகம் நினைவுக்கு வந்தது. இப்போது தொடக்கத்திலேயே ஒரு தட்டுத்தான். கேத்தலோடுதான் தேநீர். எதிர்க் கதிரையைக் கொண்டுபோய் காரேஜில் வைத்துவிட்டேன். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய ஒரே மேசையை ஒரு வெங்காயக் கதிரையால் இல்லாமல் ஆக்கியவன் நான் என்றும், லெஸ்ஸை எங்கோ ஒரு கழிப்பறைக் கதவடிக்குத் துரத்தியவன் நான் என்றும் அதற்குப் பின்னால் நினைப்பு வரும். சாப்பாடு முடியும் வரை அது நிற்கும்.

இதை எழுதத் தொடங்கிய வாரம், இரத்தப் பரிசோதனைக்குப் போய், இலக்கத் துண்டோடு காத்திருந்தேன். இரண்டு கதிரை தள்ளி லெஸ் இருந்தார். கோட் மடியில் மடித்துக் கிடந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். இத்தனை வருடம் மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை முழுதாகச் சொன்னேன். மிஸ்டர் ஏர்ல், மழைநாள், பூச்சாடி, கதிரை, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் வராமல் விட்டது அதுக்கில்லை," என்றார். "அடுத்த நாள்தான் டொக்டர் சொன்னவர், சீனி வருத்தம் எண்டு. பான்கேக் சரிவராது."

"அப்ப மேசை?"

"எந்த மேசை?"

"யன்னலடி மேசை. உங்கட மேசை."

"ஓ, அதுவோ." அவர் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பி, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டார். "அந்த யன்னல் இடுக்கால காத்து அடிச்சுக்கொண்டே இருக்கும். பதினொரு வருஷம் என்னால கோட்டைக் கழட்ட ஏலேல்லை. பாத்ரூமடி மேசைக்குப் பக்கத்தில ஒரு ஹீற்றர் இருந்தது. ஒரு நாளாவது அதில இருக்க விட்டனீரோ?"